மரக்கறி மூக்கு

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. புதிதாக வந்திருக்கும் டொக்டர் என்னைப் பார்க்க ஆசைப்படுகிறாராம். நான் வேலையை விட்டு நின்று மூன்று வருஷமாகிறது. இத்தனை நாள் கழித்து எந்த அலமாரிச் சாவியைக் கேட்கப் போகிறார்களோ என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் மேசையில் ஒரு சிறிய பெட்டி இருந்தது. திறந்து காட்டினார். உள்ளே வெல்வெட் துணியில் பன்னிரண்டு தந்தத் துண்டுகள், சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாகப் படுத்திருந்தன. கப்பலில் வந்து கொழும்பில் இறங்கிய சரக்கு. உட்கார்ந்துபோன மூக்கைத் தூக்கி நிறுத்துவதற்காகத் தயாராகச் செதுக்கி அனுப்பியிருக்கிறார்கள். அளவு பார்த்து எடுத்துத் தோலுக்கடியில் செருக வேண்டியதுதான், செருப்புக் கடையில் எடுப்பது போல.

நான் சிரித்துவிட்டேன். டொக்டருக்கு முகம் சுருங்கியது. ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார் என்று சமாதானம் சொன்னேன். அந்த ஆளைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கோப்பைத் தேநீர் ஆறிவிட்டது. எழுதிக் கொடுங்கள் என்று அவர்தான் கேட்டார். ஆகவே இதில் குற்றம் குறை இருந்தால் பாதி அவரைச் சேரும்.

நான் டிரசராக இருந்தவன். புண்ணுக்கு மருந்து கட்டுவதும், கத்தி கத்தரிக்கோல்களை அவித்து எடுப்பதும், ஒப்பரேஷன் நடக்கும்போது டொக்டரின் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பதும் என் வேலை. என் அப்பாவுக்குப் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை. கடையில் என்னை வைத்துப் பார்த்தார். துணி கிழிக்கும்போது எனக்கு அளவு தவறும், பேச்சு மட்டும் நிற்காது. பக்கத்துக் கடைக்காரரின் குடும்ப விஷயத்தை வாங்க வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன் என்று ஒருநாள் பெரிய சண்டை வந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார், நோயாளிகள் திருப்பிச் சண்டைக்கு வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் ஒப்பரேஷனில் மயங்கி விழுந்தேன். இரண்டாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதில் விளக்கைப் பிடித்தேன். நான்காவதிலிருந்து எனக்குச் சம்பளம் தருவது நியாயம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் ரோட்டில் இருந்தது. சில தோட்டத் துரைமார் சேர்ந்து கட்டியது. இருபது கட்டில், ஒரு ஒப்பரேஷன் அறை, மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும் தகரக் கூரை. ரயில் அப்போது பதுளைக்கு வரவில்லை. பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர். நெடுநெடுவென்று உயரம். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை, ஆனால் அவர் தொண்டையைச் செருமினால் சமையலறையில் பாத்திரம் உருட்டுவது நின்றுவிடும்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, எண்ணுவது. ஒப்பரேஷன் தொடங்குமுன் பஞ்சு எத்தனை, ஊசி எத்தனை, கத்தி எத்தனை என்று மூன்று தடவை எண்ண வேண்டும். முடிந்ததும் மறுபடி மூன்று தடவை. "எண்ணிப் பாரும் காணும்" என்பார். எண்ணிவிட்டேன் என்றால், "திரும்ப எண்ணிப் பாரும்" என்பார். இரண்டாவது, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது. பேனாவானாலும் கத்தியானாலும் அப்படித்தான். ஒருநாள் அவர் வார்டைச் சுற்றிவரும்போது ஜன்னலில் வந்து உட்கார்ந்த மைனாவைத் துரத்தினேன். அது திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும்வரை காத்திருந்தார் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம், அது நானாகச் சேர்த்தது. மற்றதெல்லாம் உண்மை.

ஊவாத் தோட்டங்களில் மூக்கு உடைவதற்குக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. சறுக்குப் பாதையில் கொழுந்துக் கூடையோடு விழுவார்கள். துரையின் குதிரை உதைக்கும். கல்யாண வீட்டில் சம்பந்திகள் அடித்துக்கொள்வார்கள். பெரும்பாலானவர்கள் உடைந்த மூக்கோடு அப்படியே காலத்தை ஓட்டிவிடுவார்கள். எங்கள் டொக்டர் சீமையிலிருந்து மூக்கு நிமிர்த்தும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அப்போது புதிதாக வந்திருந்தது பாரபின் மெழுகு. உருக்கி, ஊசியில் ஏற்றி, பள்ளம் விழுந்த இடத்தில் தோலுக்கடியில் விட்டு, இறுகுவதற்குள் விரலால் பிடித்து உருவம் கொடுத்துவிட வேண்டும். கத்தி கிடையாது, தையல் கிடையாது, பத்து நிமிஷ வேலை.

முதலில் செய்துகொண்டவர் ஒரு கணக்கப்பிள்ளை. தேயிலை ஸ்டோரில், கொழுந்தைக் காயவைக்கும் அடுப்புப் பக்கம் மேற்பார்வை அவருக்கு. குதிரை உதைத்து அமுங்கிய மூக்கு, எங்கள் கையில் கோயில் சிலை மாதிரி எழுந்தது. அந்த மூக்கை நம்பிப் பெண் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. ஆறு மாதம் கழித்து அவரே வந்தார். மூக்கு பழையபடி பள்ளமாகியிருந்தது. இடது கண்ணுக்குக் கீழே மட்டும் ஓர் எலுமிச்சங்காய் அளவில் புடைப்பு. அடுப்புச் சூட்டில் மெழுகு இளகி, கொஞ்சம் கொஞ்சமாக இடம் பெயர்ந்துவிட்டது. டொக்டர் முடிந்தவரை அதைத் தோண்டி எடுத்தார். தழும்பு நின்றுவிட்டது. பதுளைக் கடைவீதியில் இது பெரிய கதையாகிவிட்டது. அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

டொக்டருக்கு வெட்கமாக இருந்தது, எங்களுக்கும்தான். மறுநாள் தம்முடைய நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். அன்றிலிருந்து மூக்கோடு யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான்.

இனி பழனியாண்டிப் பூசாரிக்கு வருகிறேன்.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்தின் மாரியம்மன் கோயிலுக்கு அவர் பூசாரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பிறந்ததிலிருந்து மீன் முட்டை தொட்டதில்லை. முந்தின வருஷத் திருவிழாவில் தோட்டத்துப் பெரிய கங்காணி நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். நூறு தேங்காய் ஒழுங்காக உடைந்தது. அதற்குள் கங்காணியின் கை களைத்துவிட்டது. நூற்றியோராவது தேங்காய் கையிலிருந்து நழுவி, கல்லுக்குப் போகாமல் கற்பூரத் தட்டோடு நின்ற பூசாரியின் மூக்குக்குப் போனது. மூக்கு வீங்கியது. மஞ்சளைக் குழைத்துப் பூசினார்கள். உள்ளே சீழ் பிடித்தது யாருக்கும் தெரியவில்லை. வீக்கம் வடிந்தபோது, மூக்கின் நடுவில் தூண்போல நிற்கும் குருத்தெலும்பு கரைந்துபோய், மேலே இருந்தது அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மூச்சு விட வாய்தான் வழி. மந்திரம் சொன்னால் சளிபிடித்த மாதிரி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் பழகிக்கொண்டு, வரிசை வீடுகளான லயத்து வாசலில் சொல்லிக் காட்டின. வாசனை அறவே போயிற்று. சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிப்பது தெரியாமல் இரண்டு தடவை கரியைப் படைத்துவிட்டார். பெரிய கங்காணிக்கு அந்த மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் தம்முடைய தேங்காய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதைக் கண்ணில் படாமல் செய்ய அவர் கண்டுபிடித்த வழி, அங்கக்குறை உள்ளவன் அம்மனைத் தொடக்கூடாது என்பது. மைத்துனர் மகன் ஒருவன் பூசைக்குத் தயாராக இருந்தான். அடுத்த சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்தோடு பழனியாண்டி விலகிவிட வேண்டும், கோயிலுக்குப் பின்னாலிருக்கும் அறையையும் விட்டுவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

இதையெல்லாம் டொக்டரிடம் சொல்லும்போது பூசாரி அழவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார். "இருவது வருசமா அவளுக்கு முகம் கழுவி விட்டவன் நானுங்க. இப்ப என் மொகத்தக் காட்டி, எட்டப் போன்னு சொல்றாங்க."

டொக்டர் தொண்டையைச் செருமினார். பிறகு தட்டை எடுத்து வரச் சொன்னார். நீலத் துணி விரித்த தட்டு. அதில் மூக்குக்குள் வைக்கக்கூடிய பொருள்களையெல்லாம் வளையல்காரர் பரப்புவது போலப் பரப்பி, நோயாளியிடம் காட்டி, ஒவ்வொன்றின் நல்லது கெட்டதையும் சொல்லி, சம்மதம் கேட்பது அவருடைய முறை. அன்று தட்டில் மெழுகுக் கட்டி, தந்தத் துண்டு, செலுலாய்டுத் துண்டு மூன்றும் இருந்தன. பக்கத்தில் ஒரு வைத்தியப் புத்தகம், வாத்தின் நெஞ்செலும்பை மூக்குக்குள் வைத்த படத்தோடு.

வாத்து என்றதும் பூசாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தந்தத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கோயில் வாசலில் இருக்கும் பிள்ளையாரின் தந்தத்துக்குத் தினமும் சந்தனம் வைப்பவர் தாம்தான் என்றும், அதையே மூக்குக்குள் திணித்துக்கொண்டு அவர் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்றும் கேட்டார். அதுவும் செத்த யானையின் உடம்பிலிருந்து வந்தது, தீட்டு. கடைசியில் அவர் விரல் மெழுகில் போய் நின்றது. மண்ணெண்ணெய் மாதிரி பூமியிலிருந்து எடுப்பது என்று டொக்டர் சொன்னதும் அவருக்குப் பரம திருப்தி. உயிர்க்கொலை இல்லை, மரக்கறி மூக்கு, இதையே வையுங்கள் என்றார்.

டொக்டர் தம்முடைய கேள்வியைக் கேட்டார். வேலை என்ன? பூசாரி கணக்குச் சொன்னார். தினமும் மூன்று வேளை கற்பூரம், முகத்துக்கு நேரே. திருவிழாவில் தீச்சட்டி, நெஞ்சோடு சேர்த்து. டொக்டர் ஒரு துண்டு மெழுகைத் தட்டில் நிறுத்தி, பக்கத்தில் கற்பூரத்தைக் கொளுத்தினார். மெழுகு மெல்லக் குனிந்து தட்டோடு படுத்துக்கொண்டது. பூசாரி தம் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது செலுலாய்டு. சீப்பும் சட்டைக் கழுத்துப்பட்டியும் செய்கிற சாமான். அதைப் பஞ்சிலிருந்து செய்கிறார்கள், கற்பூரமும் சேர்க்கிறார்கள் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். பூசாரியின் முகம் மலர்ந்துவிட்டது. பஞ்சும் கற்பூரமும் சேர்ந்த மூக்கு எந்தக் கோயிலுக்குத்தான் ஆகாது? டொக்டர் என் பக்கம் கையை நீட்டி, என் சீப்பைக் கேட்டார். அது கடைவீதியில் ஆசையாக வாங்கிய செலுலாய்டுச் சீப்பு. கொடுத்தேன். வாசலில் வைத்து நெருப்புக் குச்சியைக் காட்டினார். குப்பென்று ஒரே சுவாலை. பூசாரி பின்வாங்கியதில் என் காலை மிதித்துவிட்டார். தோலுக்குள் இருந்தால் தீப்பிடிக்காதுதான், ஆனால் உறுத்தி உறுத்தி ஒருநாள் வெளியே வந்துவிடும் என்று டொக்டர் நியாயமாகவே சொன்னார். அதை எங்கள் இருவர் காதும் வாங்கவில்லை. நான் சீப்பையும், அவர் அது எரிந்த வேகத்தையும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தட்டு காலி. பூசாரி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது டொக்டர் தம்முடைய வலது விலாவில் கையை வைத்து, "இன்னும் ஒண்டு இருக்குது. அது உங்கடை நெஞ்சிலையே இருக்குது" என்றார்.

விலா எலும்பின் முனையில் குருத்தெலும்பு இருக்கிறது. அதில் ஒரு துண்டை வெட்டிச் செதுக்கி மூக்கில் வைக்கலாம். உட்கார்ந்தது தூக்கி நின்றால் மூச்சுக்கும் வழி திறக்கும். நெருப்புக்கு இளகாது, தன் உடம்பே ஆகையால் உறுத்தாது. ஆனால் அந்த எலும்புக்குக் கீழே வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வு, அதற்குக் கீழே நுரையீரல். சவ்வு கிழிந்தால் உயிருக்கு ஆபத்து. தாம் இதுவரை எந்த மனிதருக்கும் இதைச் செய்ததில்லை என்பதையும் டொக்டர் மறைக்கவில்லை.

பூசாரி இரண்டு நாள் யோசித்தார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடமாட்டார் என்பதால் அவருடைய மனைவி மீனாட்சி சோறு கொண்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் மாமரத்தடியில் உட்கார்ந்து இது மாமிசமா இல்லையா என்று விவாதித்தார்கள். முடிவு சொன்னது அந்த அம்மாள்தான். மேல் லயத்தில் இருந்தவர் கீழ் லயத்துக்குக் குடி மாறினால் வேறு தோட்டத்து ஆளாகிவிடுவாரா என்று கேட்டாள். பூசாரி தலையாட்டிவிட்டார். உயிருக்கு ஆபத்து இருக்கிறதே என்று நான் மெல்ல நினைவுபடுத்தினேன். "செத்தா அம்மன் பாத்துக்குவா. மூக்கில்லாம இருந்தா கங்காணி பாத்துக்குவாரு. எனக்கு அம்மனே போதுங்க" என்றார் பூசாரி.

அடுத்த பத்து நாள் டொக்டர் ஒத்திகை பார்த்தார். கசாப்புக் கடையிலிருந்து ஆட்டு விலா எலும்பு வரும். பூசாரிக்குத் தெரியாமல் கொண்டுவந்து தருவது என் பொறுப்பு. முதல் நாள் செதுக்கிய துண்டு சாயங்காலத்துக்குள் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. ஓரத்தில் வெட்டினால் வளைகிறது, நடுவில் வெட்டினால் நேராக நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழு ஆட்டின் விலா செலவாயிற்று. உருவம் பழக வெலிமடையிலிருந்து வந்த கேரட்டில் செதுக்கினார். மாதிரிக்கு ஒரு மூக்கு வேண்டுமே, என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார். என் மூக்கு அப்பா வழியில் வந்தது, மழை பெய்தால் எனக்கு வாய் நனையாது. அந்த வாரம் மிச்சக் கேரட்டையெல்லாம் சமையற்காரர் குழம்பில் போட்டுவிட்டார். வார்டு முழுக்க என் மூக்கைச் சாப்பிட்டது.

ஒப்பரேஷன் அன்று காலை பூசாரி குளித்து, திருநீறு பூசி வந்தார். திருநீற்றைத் துடைக்கச் சொல்லவேண்டியவன் நான். எனக்கு வாய் வரவில்லை. அவரே புரிந்துகொண்டு துடைத்துவிட்டார். டொக்டருக்கு உதவி வைத்தியரான அப்போதிக்கரி, மயக்க மருந்தான குளோரோபாமைச் சொட்டுச் சொட்டாக முகமூடியில் விட்டார். பூசாரி அம்மன் தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாதி வரியில் தூங்கிப்போனார்.

நெஞ்சில் நாலு விரல் நீளத்துக்கு வெட்டு. தசையை விலக்கியதும் குருத்தெலும்பு தெரிந்தது, பால் வெள்ளையாக. அதன் அடிப்பக்கம் டொக்டர் கத்தி வைக்கவில்லை. ஒரு மழுங்கிய கரண்டியை நுழைத்து, சவ்விலிருந்து அதை ஒவ்வொரு நூலாகப் பிரித்தார். அந்தச் சவ்வு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். என் மூச்சை நான் விட்டேனா என்று இன்றுவரை தெரியாது. விரல் நீளத்தில் ஒரு துண்டு வந்தது. அவித்த பலகையில் வைத்துச் செதுக்கினார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். வளையவில்லை. புருவத்துக்கு நடுவில் சிறிய வெட்டுப் போட்டு, தோலுக்கடியில் உறைபோல வழி செய்து, வாளைச் செருகுவது மாதிரி உள்ளே தள்ளினார். என் கண் முன்னாலேயே என் மூக்கு இன்னொருவர் முகத்தில் எழுந்தது.

பலகையில் செதுக்கின மிச்சம் கிடந்தது. ஒரு துண்டும் கொஞ்சம் சீவலும். நான் பலகையோடு தூக்கி வாளியில் கொட்டப் போனேன்.

"எங்கை கொண்டுபோறீர்?" என்றார் டொக்டர். "எடுத்ததை எடுத்த இடத்திலை வையும்."

பின்னால் மூக்கில் திருத்தம் ஏதாவது வேண்டியிருந்தால் மறுபடி நெஞ்சை வெட்டக்கூடாது என்பது அவர் எண்ணம். மிச்சத் துண்டை நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்தார். சீவலையும் எண்ணச் சொன்னார். எதற்கென்று எரிச்சலோடு எண்ணினேன், ஏழு. ஏழும் உள்ளே போயின. பிறகு பஞ்சை எண்ணினால் ஒன்று குறைகிறது. மூன்று தடவையும் குறைகிறது. தைக்கத் தொடங்கியதை நிறுத்திவிட்டு, டொக்டர் வியர்வையோடு காயத்தைத் துழாவினார். அந்தப் பஞ்சு என் முழங்கைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்ததை அப்போதிக்கரிதான் பார்த்தார். அதையும் சேர்த்து மறுபடி எண்ணச் சொன்னார் டொக்டர். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் தேவலை.

பூசாரி பிழைத்தார். பத்து நாளில் தையல் பிரித்தோம்; மூக்கின் உள்வீக்கம் வடிய இன்னும் சில நாள் வேண்டியிருந்தது. இந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் கடைவீதிக்குப் போனேன். நெஞ்செலும்பை வெட்டி மூக்குச் செய்த கதையை, அப்பாவின் கடை வாசலில் நின்று, ஏதோ நானே வெட்டியவன் போல நீட்டி முழக்கினேன். துணி எடுக்க வந்தவர்களில் அந்தத் தோட்டத்துச் சின்னக் கங்காணி ஒருவரும் இருந்திருக்கிறார். நாலாம் நாள் மீனாட்சி ஓடிவந்தாள். மூக்குக் குறை தீர்ந்தால் நெஞ்சில் குறை வந்துவிட்டது, ஓர் எலும்பு இல்லாதவன் அம்மனை எப்படித் தொடுவான் என்று பெரிய கங்காணி சொல்லிவிட்டாராம். வருகிற ஞாயிறு காலை கோயிலில் பேசி முடிவெடுக்கப் போகிறார்களாம். மெழுகு மூக்குத்தான் வைத்திருக்கிறார்கள், கற்பூரம் காட்டினால் உருகிவிடும் என்றும் லயத்தில் பேச்சாம்.

அவள் என்னைத் திட்டவில்லை. யார் சொல்லிப் பரவியது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டொக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "வாயாலை கெடுத்தீர், வாயாலையே சரிப்படுத்தும்" என்றார்.

ஞாயிறு காலை நான் போனபோது கோயில் வாசலில் தோட்டம் முழுக்கக் கூடியிருந்தது. பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் இருந்தார். நாலைந்து பெரியவர்கள் பக்கத்தில். பூசாரி ஓரமாக நின்றார், மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு. கங்காணி என் முகத்தைப் பார்த்தார், பூசாரி முகத்தைப் பார்த்தார், மறுபடி என் முகத்துக்கு வந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

நான் மீனாட்சியின் லயக் கதையைத்தான் எடுத்துவிட்டேன். ஒன்றும் குறையவில்லை, நெஞ்சில் இருந்தது மூக்குக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். கங்காணி மட்டும் ஆட்டவில்லை. அவருடைய தகப்பனார் ஊரில் தச்சு வேலை செய்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"டிரசரய்யா, மரத்தச் செதுக்குனா சீவல் விழும். எலும்பச் செதுக்குனாலும் விழுமுல்ல? அது எங்க போச்சு?"

டொக்டரின் குரல் காதில் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எண்ணச் சொன்ன மனிதரின் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

"பெரிய துண்டு ஒண்ணு, சீவல் ஏழு. நான்தான் எண்ணுனேன். எல்லாத்தையும் டொக்டர் அவரு நெஞ்சுக்குள்ளயே வச்சுத் தைச்சிட்டாரு. ஒரு தூசிகூட வெளிய போகலிங்க."

பூசாரியே திடுக்கிட்டார். துண்டை விலக்கி, தழும்புக்குப் பக்கத்தில் இருந்த சிறிய மேட்டைத் தடவினார். தையல் வீக்கம் என்று நினைத்திருந்தாராம். கங்காணி எழுந்து வந்து தாமும் விரலால் அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. தச்சர் மகனுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் விட மனமில்லாமல், கற்பூரம் காட்டட்டும் பார்ப்போம் என்றார்.

பூசாரி உள்ளே போனார். மணி அடித்தது. அத்தனை பேரும் வழக்கமாக அம்மனைப் பார்ப்பார்கள். அன்று ஒருவரும் அம்மனைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் மூக்கின் மேல் இருந்தது. கற்பூரம் நிறையக் குவித்திருந்தார்கள், வேண்டுமென்றே. சுவாலை அவர் முகத்துக்கு நேரே எழுந்தது. தட்டு ஒரு சுற்று வந்தது, இரண்டாவது சுற்றில் பாதியில் நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தாரைதாரையாக ஊற்றியது. எனக்கு உயிரே போய்விட்டது. எங்கேயோ தையல் விட்டுவிட்டது, கணக்கப்பிள்ளைக்கு ஆனது இவருக்கும் ஆகிவிட்டது என்று முன்னே ஓடினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, வாசன வருது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மூன்றாவது சுற்றையும் சுற்றி முடித்து, தட்டோடு வெளியே வந்து, முதலில் பெரிய கங்காணியிடம் நீட்டினார். கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவாலையில் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது, கற்பூரப் புகை என்று பின்னால் சொல்லிக்கொண்டார். அந்தச் சித்திரையில் அவர் தேங்காய் உடைத்தபோது பூசாரிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி நின்றது. தட்டியைக் கட்டச் சொன்னதும் கங்காணியேதான்.

டொக்டர் பென்ஷன் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். என் மூக்கும் வயதுக்கு ஏற்றபடி தொங்கிப்போய்விட்டது. பூசாரியின் மூக்கு மட்டும் வைத்த அன்று இருந்த மாதிரியே நேராக நிற்கிறது. நெஞ்சில் இருக்கும் மிச்சத்தை லயத்துப் பிள்ளைகள் சில்லறை மூக்கு என்று சொல்லி, தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்கிறதுகளாம்.

போன தைப்பொங்கலுக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்திருந்தார். என் மனைவி அடுப்படியில் பால் வைத்துவிட்டு வந்து அவரிடம் மீனாட்சியின் சுகத்தை விசாரித்துக்கொண்டிருந்தாள். பூசாரி பேச்சை நிறுத்தி, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, ஒரு மூச்சு இழுத்தார்.

"அம்மா, பாலு அடிப்பிடிக்குதுங்க" என்றார்.

அடுப்பு அவரைவிட எனக்குத்தான் பக்கம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.